தெரியாது என்று சொல்லுமுன்...

“இங்கிலாந்தின் எந்த மன்னர் அக்கிட்டேன் பிரதேசத்து எலினோரை மணந்திருந்தார்?” முதலாம் ஹென்றி, இரண்டாம் ஹென்றி, முதலாம் ரிச்சர்ட், ஐந்தாம் ஹென்றி. இந்த நான்கில் ஒன்றுதான் சரியான விடை.

கேள்வியைக் கண்டதும், “எங்கோ இருந்த ராசா யாரைக் கட்டினால் எங்களுக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்ட நினைக்கும் சகோதரிகள் சற்றுப் பொறுங்கள். இந்த ஒரு கேள்வியின் பெறுமதி 10 இலட்சம் ஸ்டேர்லிங் பவுண்! பிரித்தானியாவில் 1998 செப்டெம்பர் 4ஆம் திகதி ஆரம்பமான ‘கோடீஸ்வரராக விரும்புவது யார்?’ என்ற தொலைக்காட்சி வினாவிடை நிகழ்ச்சியில், இரண்டு வருடங்களுக்கு மேலாக எவராலும் இறுதிக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை. 2000 நவம்பர் 20ஆம் திகதி ஒளிபரப்பான நிகழ்ச்சியில்தான் முதன்முதலாக ஒருவர் அதைத் தாண்டினார். அவர் ஒரு பெண். பெயர் ஜூடித் கெப்பல். வயது 58. தோட்டங்களை வடிவமைப்பது அவரது தொழில். அவர் சொன்ன விடை, இரண்டாம் ஹென்றி.

பின்னாளில் இந்நிகழ்ச்சி உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் 2000 ஜூலையில் அமிதாப் பச்சனின் தொகுப்பில் ஆரம்பமானது. எமது நாட்டிலும் சிரச தொலைக்காட்சியின் ‘லக்ஷபதி’யாகச் சிங்களத்தில் வந்தது. பரிசுப் பணத்தையும் மின்னும் விளக்குகளையும் பரபரப்பான இசையையும் நாம் பார்க்கிறோம். அவற்றுக்கு அப்பால், குறிப்பாகப் பெண்களுக்கு, இந்நிகழ்ச்சிகளில் வேறொரு பாடம் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், எங்கள் கிராமத்து மாதர் சங்கத்தில் ஒவ்வொரு மாதமும் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் பொது அறிவுப் போட்டி நடத்தி வருகிறேன். அதற்காகவே தொலைக்காட்சிக் கேள்விகளைக் கொப்பியொன்றில் எழுதி வைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. இந்த அனுபவத்தில் நான் கண்ட ஒரு விடயம் உண்டு. எங்கள் பெண்களிடம் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் முதலில் வரும் விடை, “எனக்குத் தெரியாது” என்பதுதான். கேள்வியை முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சிலர் இதைச் சொல்லிவிடுகிறார்கள். உண்மையிலேயே தெரியாதா? அல்லது சொல்லப் பயமா? இரண்டும் ஒன்றல்ல.

கடினம் எங்கே இருக்கிறது?

எலினோர் பற்றிய கேள்விக்கே மீண்டும் வருவோம். எலினோர் என்ற பெயரை வாழ்நாளில் கேள்விப்படாதவருக்கு இது மலை போன்ற கேள்வி. ஆனால் சிலுவைப் போரில் சலாஹுத்தீனை எதிர்த்து நின்ற ‘சிங்கநெஞ்சன்’ ரிச்சர்டைப் பாடசாலையில் படித்த ஒருவர் சற்று யோசிக்கலாம். அந்த ரிச்சர்டின் தாயார்தான் எலினோர். எனவே முதலாம் ரிச்சர்ட் கணவராக முடியாது. ஐந்தாம் ஹென்றி ஆட்சிக்கு வந்தது 1413இல். ரிச்சர்டின் தாயார் அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டார். முதலாம் ஹென்றி இறந்தது 1135இல். அப்போது எலினோர் ஒரு சிறுமி. மிஞ்சி நிற்பவர் இரண்டாம் ஹென்றி. 1152இல் அவர்களது திருமணம் நடந்தது.

பாருங்கள், விடை நேரடியாகத் தெரியாவிட்டாலும், தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தெரியாத இடத்துக்குப் போகலாம். ஓர் இழையைப் பிடித்துச் சிக்கலை அவிழ்ப்பது எங்களுக்குப் புதிதா என்ன? நூல் கட்டையில் சிக்கு விழுந்தால் நாம் செய்வதும் அதைத்தானே!

இன்னொன்றையும் கவனியுங்கள். கடினம் என்பது கேள்விக்குள் மட்டும் இருப்பதில்லை. கேட்கப்படுபவர் எங்கே நிற்கிறார் என்பதிலும் அது தங்கியிருக்கிறது. “உலகின் முதலாவது பெண் பிரதமர் யார்?” என்று ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ கேட்டால் பலர் தலையைச் சொறிவார்கள். எங்கள் நாட்டில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகூட, 1960 ஜூலையில் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க என்று சொல்லிவிடும். அதேபோல, கறுவா மரத்தின் எந்தப் பகுதி? கராம்பு என்பது காயா, விதையா, மொட்டா? இவை மேலைத்தேய வினாவிடைப் போட்டிகளுக்கு ஏற்ற கேள்விகள். அங்கே இவற்றைத் தூளாகவோ போத்தலில் அடைத்தோ மட்டுமே கண்டவர்கள் திணறிப் போவார்கள். எங்கள் பெண்களுக்கோ கறுவா பட்டை என்பதும், கராம்பு மலராத மொட்டு என்பதும் சமையலறைப் பாடம்.

எங்கள் சங்கத்தில் ஒரு முறை, “சாதிக்காயும் வசுவாசியும் ஒரே மரத்தில் கிடைப்பவையா, வெவ்வேறு மரங்களில் கிடைப்பவையா?” என்று கேட்டேன். சாதாரண தரம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், வெவ்வேறு மரம் என்றார்கள். பின் வரிசையில் ஓர் அம்மா இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் நீண்ட காலம் வேலை செய்தவர். அவரது வாய் அசைவதைக் கண்டு, “நீங்கள் சொல்லுங்கம்மா” என்றேன்.

“எனக்கு என்னா டீச்சர் தெரியும்?” என்றுதான் அவரும் ஆரம்பித்தார். சற்று வற்புறுத்திய பின், “ரெண்டும் ஒரே காய்தானே டீச்சர். கொட்டையச் சுத்திச் செவப்பா வலை மாதிரி இருக்கும். அத உரிச்சுக் காய வச்சா வசுவாசி. உள்ள இருக்கிறதுதான் சாதிக்கா” என்றார்.

அந்த விடை நூற்றுக்கு நூறு சரி. ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது விடையல்ல. அவர் சொன்ன முதல் வாக்கியம். இத்தனை வருடங்களாகக் கையால் உரித்துக் காய வைத்த ஒன்றை, அவர் ‘அறிவு’ என்று கணக்கெடுத்ததே இல்லை. புத்தகத்தில் இருந்தால்தான் அறிவு, அதுவும் படித்தவர்கள் சொன்னால்தான் அறிவு என்று யாரோ அவரை நம்ப வைத்திருக்கிறார்கள்.

பெண்ணுக்கு எதற்கு இந்த அறிவு?

பெண்ணுக்கு எது தெரிந்திருக்கும், எது தெரிந்திருக்காது என்று மற்றவர்களே தீர்மானித்துவிடுவது எல்லா நாடுகளிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1955இல் ‘64,000 டொலர் கேள்வி’ என்ற நிகழ்ச்சி மிகப் பிரபலம். அதில் ஜோய்ஸ் பிரதர்ஸ் என்ற இளம் உளவியலாளர் கலந்துகொண்டார். மெல்லிய தோற்றமுள்ள ஒரு பெண், பெண்களுக்குச் சற்றும் பொருத்தமில்லாத துறையொன்றில் பதில் சொல்ல வந்தால் பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. அவ்வாறு அவர் தேர்ந்துகொண்ட துறை எது தெரியுமா? குத்துச்சண்டை!

குத்துச்சண்டையைப் பற்றி எதுவும் தெரியாதிருந்த அவர், அது பற்றிய நூல்களையெல்லாம் தேடிப் பிடித்து இரவு பகலாகப் படித்தார். அவரைத் தோற்கடிப்பதற்காகக் கேள்விகள் மேலும் மேலும் கடினமாக்கப்பட்டன. வீரர்களை விட்டுவிட்டு நடுவர்களைப் பற்றியும் கேட்டார்கள். அவர் அவற்றுக்கும் பதில் சொல்லி 64,000 டொலரையும் வென்றார். வேடிக்கைக்காக அழைக்கப்பட்டவர், வேடிக்கை பார்க்க வந்தவர்களை வாயடைக்க வைத்தார். எவரும் பிறவியிலேயே பொது அறிவோடு பிறப்பதில்லை, தேடினால் எந்தத் துறையும் எவருக்கும் வசப்படும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அண்டை நாடான இந்தியாவிலும் இத்தகைய பெண்கள் இருக்கிறார்கள். 2010இல் ஜார்கண்ட் மாநிலத்தைச் சேர்ந்த ராஹத் தஸ்லீம் ஒரு கோடி ரூபா வென்ற முதல் பெண்ணாகப் பேசப்பட்டார். 2019இல் மகாராஷ்டிர மாநிலத்தின் அமராவதி மாவட்டத்திலிருந்து பபிதா தாடே வந்தார். பாடசாலையொன்றில் 450 பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைப்பது அவரது வேலை. மாதச் சம்பளம் 1,500 இந்திய ரூபா. ஒரு கோடிக்காக அவரிடம் கேட்கப்பட்டது, 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை நேரில் கண்டு ‘தாஸ்தானே கதர்’ என்ற நூலை எழுதிய முகலாய அரசவைக் கவிஞர் யார் என்பது. ஸஹீர் தெஹ்லவி என்பது சரியான விடை. கிச்சடி கிளறும் கைகளுக்கு உருது இலக்கிய வரலாறு தெரிந்திருக்கும் என்று யார்தான் எதிர்பார்த்திருப்பார்கள்?

தமிழகத்தில் 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சியில் ராதிகா சரத்குமாரின் தொகுப்பில் ‘கோடீஸ்வரி’ ஆரம்பமானது. போட்டியாளர்கள் அனைவரும் பெண்களே. 2020 ஜனவரியில் அதில் ஒரு கோடி வென்றவர் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா. அவருக்குக் காது கேட்காது. வாய் பேசவும் வராது. உதட்டசைவைப் பார்த்து மற்றவர் பேச்சைப் புரிந்துகொள்பவர். பேசத் தெரிந்த நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கும்போது, பேச முடியாத அவர் உலகத்தின் முன்னால் விடை சொன்னார்.

ஒரு கேள்விக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

2021 ஓகஸ்டில் ஒளிபரப்பான இந்திய நிகழ்ச்சியில் ஒரு கோடி வென்றவர் ஹிமானி புந்தேலா. ஆக்ராவைச் சேர்ந்த ஆசிரியை. சிறு வயதில் நேர்ந்த விபத்தொன்றின் பின் பார்வையை இழந்தவர். அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: “இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய உளவுப் பணிக்காகப் பிரான்ஸுக்குச் சென்ற நூர் இனாயத் கான், அங்கே எந்தப் புனைபெயரில் வாழ்ந்தார்?”

நான் கொப்பியில் எழுதி வைத்த கேள்விகளுள் என்னை அதிகம் தேட வைத்தது இதுதான். நூர் 1914இல் மொஸ்கோவில் பிறந்தவர். மைசூர் புலி திப்பு சுல்தானின் வம்சத்தில் வந்தவர். வீணை மீட்டுவதிலும் சிறுவர் கதைகள் எழுதுவதிலும் நாட்டமுள்ள, மென்மையான சுபாவம் கொண்ட பெண். எங்கள் நாட்டில் சிங்களச் சகோதரர்களின் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் ஜாதகக் கதைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றுள் இருபதை ஆங்கிலத்தில் எழுதி 1939இல் நூலாக வெளியிட்டவர் இவர்தான்.

அடுத்த வருடமே ஜெர்மனியப் படைகள் பிரான்ஸைக் கைப்பற்றின. கதை எழுதிய அந்தப் பெண், 1943 ஜூனில் கம்பியில்லாத் தந்திக் கருவியோடு பிரான்ஸுக்குள் இரகசியமாக இறங்கினார். இவ்வாறு அனுப்பப்பட்ட முதல் பெண் தந்தி இயக்குநர் அவர். கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் பிடிபட்ட பின்னரும் தனியாக நின்று செய்திகளை அனுப்பினார். முடிவில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானார். 1944 செப்டெம்பர் 13ஆம் திகதி டாஹவ் சிறைமுகாமில் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 30. 1949இல் பிரித்தானியா அவருக்கு ‘ஜோர்ஜ் சிலுவை’ என்ற உயர் விருதை வழங்கியது.

அவரது இரகசியக் குறிப்புப் பெயர் ‘மாடலின்’. அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்ட பெயர் ‘ஜீன் மாரி ரெனியே’. கேட்கப்பட்டது இரண்டாவது பெயர். கேள்வியின் கடினம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று அருகிலுள்ள இரண்டு உண்மைகளுள் எது கேட்கப்படுகிறது என்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் அறிந்தவரும் தவறுவார்.

நல்ல கேள்வியொன்று விடையோடு முடிந்துவிடுவதில்லை. அது ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. உள்ளே போய்ப் பார்ப்பதும், வாசலிலேயே நின்றுவிடுவதும் எங்கள் கையில்தான் இருக்கிறது.

தூரத்து விடயம் தூரமில்லை

2011இல் பீகார் மாநிலத்தைச் சேர்ந்த சுஷில் குமார் என்ற கணினி இயக்குநர் இந்திய நிகழ்ச்சியில் 5 கோடி வென்றார். நிக்கோபார் தீவுகளின் உரிமையை 1868இல் பிரித்தானியருக்கு விற்றுவிட்டு இந்தியாவிலிருந்து வெளியேறிய நாடு எது என்பதே அவரது இறுதிக் கேள்வி. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று மூன்று பெயர்களை மாத்திரம் மனப்பாடம் செய்த எங்களுக்கு இது சட்டென்று பிடிபடாது.

ஆனால் தமிழில் அச்சுக்கலை வளர்ந்த கதையை வாசித்தவருக்கு ஓர் இழை கிடைக்கும். தமிழகத்துத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சகம் வைத்திருந்தார் அல்லவா? அங்கே 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. அந்தத் தரங்கம்பாடி யாருடைய கோட்டை? டென்மார்க் நாட்டவருடையது. 1620இல் அவர்கள் அங்கே குடியேறினார்கள். அதே வருடம் அவர்களது கப்பல்கள் எங்கள் திருகோணமலைக்கும் வந்திருந்தன! 1845இல் தரங்கம்பாடியையும் அவர்கள் பிரித்தானியருக்கு விற்றுவிட்டார்கள். அப்படியானால் நிக்கோபாரை விற்றதும் அவர்களாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம். ஊகம் சரி. விடை டென்மார்க்.

கோடி ரூபாக் கேள்வி எங்கள் கடற்கரைக்கே வந்து நிற்கிறது, பார்த்தீர்களா? நாம் வாசிக்கும் எதுவும் வீண்போவதில்லை. எங்கே, எப்போது உதவும் என்பதுதான் முன்கூட்டித் தெரியாது.

யாரிடம் கேட்பது?

இந்நிகழ்ச்சியில் போட்டியாளருக்குச் சில உதவி வாய்ப்புகள் உண்டு. நான்கு விடைகளில் பிழையான இரண்டை அகற்றச் சொல்லலாம். நண்பர் ஒருவருடன் தொலைபேசியில் பேசலாம். அரங்கில் இருக்கும் பார்வையாளர்களிடம் வாக்குக் கேட்கலாம். இவற்றில் எது நம்பத்தக்கது? 2004இல் ஜேம்ஸ் சுரோவிக்கி எழுதிய நூலொன்றில் அமெரிக்க நிகழ்ச்சியின் கணக்கு வருகிறது. தொலைபேசியில் கேட்கப்பட்ட நண்பர்கள் ஏறக்குறைய 65 வீதம் சரியாகச் சொன்னார்கள். அரங்கிலிருந்த சாதாரண மக்களின் பெரும்பான்மை விடையோ 91 வீதம் சரியாக இருந்தது!

பார்வையாளர்களிடம் பெரும்பாலும் ஆரம்பக் கட்டத்து இலகுவான கேள்விகளையே கேட்பார்கள் என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். ஆயினும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. விடை தெரியாதவர்கள் நான்கு பக்கமும் சிதறி வாக்களிப்பார்கள். தெரிந்த சிலரின் வாக்குகள் ஒரே பக்கத்தில் குவியும். எனவே சரியான விடை மேலே வந்துவிடுகிறது.

இது விளையாட்டோடு முடிகிற விடயமல்ல. கடன் பத்திரத்தில் கையொப்பம் வைக்கும்போதும், வெளிநாட்டு வேலைக்கென்று முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்கும்போதும் எங்கள் சகோதரிகள் எத்தனை பேரிடம் விசாரிக்கிறார்கள்? பெரும்பாலும் ஒருவரிடம்தான். அவர் சொன்னால் சரி என்று விட்டுவிடுகிறோம். அந்த ஒருவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கும் தெரியாமல் இருக்கலாம் அல்லவா? நாலு பேரிடம் கேட்பது அவமானமல்ல. ஆனால் ஒரு நிபந்தனை. அந்த நாலு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லாமல், தங்களுக்குத் தெரிந்ததைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

கேட்பதில் இன்னொரு வகையும் உண்டு. 1999 நவம்பரில் அமெரிக்க நிகழ்ச்சியின் முதல் வெற்றியாளரான ஜோன் கார்ப்பெண்டர், இறுதிக் கேள்வியில்தான் முதன்முதலாக உதவி கேட்டார். தந்தைக்குத் தொலைபேசி எடுத்தார். விடை கேட்பதற்காக அல்ல. “எனக்கு உங்கள் உதவி தேவையில்லை, நான் வெல்லப் போகிறேன் என்று சொல்லத்தான் எடுத்தேன்” என்ற கருத்தில் பேசிவிட்டு வைத்தார். தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியொன்றில் தோன்றிய அமெரிக்க ஜனாதிபதி யார் என்பது கேள்வி. ரிச்சர்ட் நிக்சன் என்று சொல்லி 10 இலட்சம் டொலர் வென்றார். தனக்குத் தெரியும் என்பதைத் தயங்காமல் சொல்லும் அந்தத் துணிவில் கால்வாசியாவது எங்கள் பெண் பிள்ளைகளுக்கு வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

துணிவு எவ்வளவு முக்கியமோ, எல்லையறிதலும் அவ்வளவு முக்கியம். ஒரு கோடி வென்ற பபிதா தாடேயிடம் 7 கோடிக்கான கேள்வி வைக்கப்பட்டது. ஆளுநர்களாக இருந்து பின்னர் குடியரசுத் தலைவரானோர் அதிகம் பணியாற்றிய மாநிலம் எது என்பது கேள்வி. பீகார் என்பது விடை. அவருக்கு நிச்சயமில்லை. பிழையான விடை சொல்லியிருந்தால் கையிலிருந்த ஒரு கோடி 3 இலட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கியிருக்கும். அவர் விலகிக்கொண்டார். அங்கே “தெரியாது” என்பது பயத்தில் வந்த சொல்லல்ல. தன்னை அளந்து பார்த்துச் சொன்ன சொல்.

தெரியாததைத் தெரிந்தது போலக் காட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் வரலாறு உண்டு. 1956இல் அமெரிக்காவில் ‘இருபத்தொன்று’ என்ற நிகழ்ச்சியில் சார்ள்ஸ் வான் டோரன் என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் நாடே கொண்டாடும் அறிவாளியானார். அவருக்கு விடைகள் முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தன என்பதை 1959இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னால் அவரே ஒப்புக்கொண்டார். புகழ் போனது, தொழிலும் போனது. அடுத்த வருடமே இத்தகைய மோசடிகளைத் தடுக்கச் சட்டம் வந்தது.

வென்ற பணம் வாழ்வை நிலைநிறுத்திவிடும் என்றும் சொல்ல முடியாது. 5 கோடி வென்ற சுஷில் குமார், அந்த வெற்றிக்குப் பின்னர் தான் ஏமாற்றப்பட்டதையும் தீய பழக்கங்களுக்கு ஆளானதையும் 2020இல் வெளிப்படையாக எழுதினார். பணம் வரும், போகும். தேடிப் படிக்கும் பழக்கமும் தன்னை அளந்து பேசும் பழக்கமும் மட்டும் போகாது.

வீட்டிலேயே ஆரம்பிப்போம்

இதற்குத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் போதும். எங்கள் சங்கத்தில் நாம் பின்பற்றும் மூன்று ஒழுங்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது, “தெரியாது” என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் சொல்லுமுன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். எது நிச்சயம் விடையாக இருக்க முடியாது என்றாவது சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பிழையான விடைக்கு எவரும் சிரிக்கக் கூடாது. ஒரு தடவை சிரித்தால் அந்தப் பிள்ளை ஒரு வருடத்துக்கு வாய் திறக்காது.

மூன்றாவது, எல்லோரும் கேள்வி கொண்டுவர வேண்டும். அம்மம்மா மருந்து மூலிகையைப் பற்றிக் கேட்கட்டும். மகள் கணினியைப் பற்றிக் கேட்கட்டும். தையல் தெரிந்தவர் தையலைப் பற்றிக் கேட்கட்டும். அப்போதுதான் ஒருவருக்கு இலகுவானது இன்னொருவருக்குக் கடினம் என்பது எல்லோருக்கும் விளங்கும். வீட்டில் அப்பாவும் அண்ணாவும்தான் விடை சொல்வார்கள், அம்மா அடுப்படியில் நின்று மெதுவாக முணுமுணுப்பார் என்ற நிலையும் மாறும்.

ஆரம்பிப்பதற்குச் சில கேள்விகள் இதோ:

1. இலங்கையின் அரசாங்க சபைக்குத் தெரிவான முதல் பெண் யார்?
2. இரண்டு வெவ்வேறு விஞ்ஞானத் துறைகளில் நோபல் பரிசு பெற்ற பெண் யார்?
3. எவரெஸ்ட் சிகரத்தை முதலில் அடைந்த பெண் எந்த நாட்டவர்?
4. விண்வெளிக்குச் சென்ற முதல் பெண் யார்?
5. ஒன்றுக்குப் பின்னால் நூறு பூச்சியங்கள் போட்டால் வரும் எண்ணின் பெயர் என்ன?

விடைகள்: 1. அடலின் மொலமுரே, 1931இல். அடுத்த வருடம் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து தெரிவானார். 2. மேரி கியூரி, 1903இல் பௌதிகவியலுக்கும் 1911இல் இரசாயனவியலுக்கும். 3. ஜப்பான், ஜுன்கோ தாபேய், 1975இல். 4. வலன்ரினா தெரஷ்கோவா, 1963இல். 5. கூகொல். இந்தப் பெயரை வைத்தவர் பேராசிரியர் அல்ல; அமெரிக்கக் கணித அறிஞர் எட்வர்ட் காஸ்னரின் மருமகனான ஒன்பது வயதுச் சிறுவன்!

ஒன்பது வயதுப் பிள்ளை சொன்ன சொல்லைப் பெரியவர்கள் செவிமடுத்ததால் அது உலகத்துக்குக் கிடைத்தது. செவிமடுப்பவர் இல்லாத வீடுகளில் எத்தனை விடைகள் அடுப்படியிலேயே கரைந்து போயிருக்குமோ!

சகோதரிகளே, அடுத்த முறை எவராவது உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால், அது தொலைக்காட்சியாக இருந்தாலும் வங்கியாக இருந்தாலும் வைத்தியசாலையாக இருந்தாலும், உடனே கையை விரிக்காதீர்கள். தெரிந்தால் உரத்துச் சொல்லுங்கள். பாதி தெரிந்தால் அந்தப் பாதியைச் சொல்லுங்கள். உண்மையிலேயே தெரியாவிட்டால், “எனக்குத் தெரியாது, விளக்கமாகச் சொல்லுங்கள்” என்று தலை நிமிர்ந்து கேளுங்கள்.